வேலை தெரியாத கிண்ணம்

காய்ச்சாத பாலில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் கேசின் என்ற புரதம் திரண்டு அடியில் இறங்கும். மேலே தெளிந்து நிற்கும் நீரில் லேசாகப் பச்சை ஓடும். அது ரிபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2, கொடுக்கும் சாயல். பாலாடைக்கட்டி செய்யும் நாடுகளில் இந்தத் தெளிநீரை நெடுங்காலம் பன்றிகளுக்கு ஊற்றினார்கள். மிஞ்சியதை ஓடையில் விட்டார்கள். இன்று அதையே உலர்த்திப் பொடியாக்கி, 'வே புரோட்டீன்' என்று பெரிய டப்பாவில் அடைத்து, ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளிடம் நல்ல விலைக்கு விற்கிறார்கள். அந்தப் பொடியிலுள்ள புரதத்தில் ஏறக்குறையப் பாதி ஒரே மூலக்கூறுதான். பெயர் பீட்டா லாக்டோகுளோபுலின்.

ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 3 கிராம் இருக்கும். 200 மில்லி தம்ளருக்குக் கணக்குப் போட்டால் இரண்டு லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள். எருமைப் பாலிலும் ஆட்டுப் பாலிலும் உண்டு. பன்றிப் பாலிலும் உண்டு. ஆனால் மனிதத் தாய்ப்பாலில் கிடையாது. எலி, முயல், ஒட்டகம் ஆகியவற்றின் பாலிலும் இல்லை. பசு இவ்வளவு தாராளமாகச் சுரக்கும் ஒன்றை ஒட்டகம் சுரக்காமலே குட்டியை வளர்த்துவிடுகிறது என்றால், இதன் வேலைதான் என்ன? கேள்வி எளிமையானது. அதைத் துரத்திப் போனவர்கள் இந்தப் புரதத்தின் ஒவ்வொரு அணுவும் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுவரை கண்டுபிடித்துவிட்டார்கள். கேள்வி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

1934-இல் பாமர் என்ற வேதியியலாளர் இதைப் பாலின் தெளிநீரிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தார். அதுவரை 'ஆல்புமின்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்த பகுதியிலிருந்து இது வந்தது. ஆனால் ஆல்புமினைப் போல வெறும் தண்ணீரில் கரையவில்லை. கொஞ்சம் உப்பு கேட்டது. உப்பு கேட்பவை குளோபுலின்கள் என்பது அன்றைய வகைப்பாடு, ஆகவே குளோபுலின் ஆயிற்று. 'பீட்டா' பிறகு ஒட்டிக்கொண்டது. 1936-இல் பெடர்சன் பாலின் தெளிநீரை அதிவேக மையவிலக்கியில் சுழற்றியபோது தனித்தனியாகப் பிரிந்த பகுதிகளில் பீட்டா என்று அவர் குறித்தது பாமரின் புரதமாகவே இருந்தது. ஆக, பெயரில் உள்ள எந்தத் துண்டும் இந்தப் பொருளின் வேலையைச் சொல்வதில்லை. அறிவியலில் பெயர் வைப்பது பல சமயம் இப்படித்தான், பிள்ளை பிறந்த கிழமையை வைத்து.

நல்ல படிகம் எளிதாகக் கிடைத்ததால் எக்ஸ்-கதிர்க்காரர்களுக்கு இது பிடித்துப்போனது. ஆக்ஸ்ஃபோர்டில் டோரதி குரோஃபூட்டும் டென்னிஸ் ரைலியும் 1938-இல் இதன் படிகங்களை அளந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். டோரதி குரோஃபூட் என்பவர்தான் பின்னாளில் 1964-இல் நோபல் பரிசு பெற்ற டோரதி ஹாட்ஜ்கின். அந்தப் படங்களிலிருந்து படிகத்தின் அலகு எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று சொல்ல முடிந்தது. உள்ளே இருப்பது என்ன உருவம் என்று சொல்ல இன்னும் 48 ஆண்டுகள் பிடித்தன. நடுவில் மயோகுளோபின், லைசோசைம் ஆகிய புரதங்கள் முந்திக்கொண்டு போய்விட்டன. 1979-இல் ஒரு மங்கலான படம் கிடைத்தது. 1986-இல்தான் சங்கிலியின் மடிப்பு தெளிவாகத் தெரிந்தது.

அந்த மடிப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

162 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. பனையோலையை நீளவாக்கில் கிழித்து, ஒரே கீற்றை மேலும் கீழுமாக மடித்துக்கொண்டே போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே போய், திரும்பிக் கீழே வந்து, மறுபடி மேலே. இப்படி எட்டு இழைகள். அடுத்தடுத்த இழைகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பக்கவாட்டில் தைக்கின்றன. இப்போது அந்த மடிப்பை வளைத்து, முதல் இழை எட்டாவது இழையின் அருகே வரும்படி சுற்றிவிட்டால் ஒரு கொட்டான் கிடைக்கும். அடிப்பக்கம் அடைந்திருக்கும், மேல்பக்கம் வாய் திறந்திருக்கும். ஒன்பதாவதாக ஒரு சிறு இழை வெளியே நிற்கிறது. இரண்டு மூலக்கூறுகள் தோளோடு தோள் சேர்ந்து இரட்டையாக நிற்க அது உதவுகிறது. கொட்டானின் வெளிச்சுவரில் மூன்று சுற்றுள்ள ஓர் ஆல்ஃபா சுருள் சாய்ந்து கிடக்கிறது. மொத்த உருவமும் சுமார் 3.6 நானோமீட்டர் விட்டம்.

இழையில் ஒரு நயம் இருக்கிறது. நீட்டி வைத்த பீட்டா இழையில் அமினோ அமிலங்களின் பக்கக் கிளைகள் ஒன்று விட்டு ஒன்று எதிரெதிர்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். இழைகளைக் கொட்டானாக வளைக்கும்போது, ஒரு கிளை வெளியே போனால் அடுத்தது உள்ளே போகும். உள்ளே போகும் இடங்களில் லியூசின், வாலின், ஐசோலியூசின் என்று எண்ணெய்ப் பசை கொண்டவையாகவும், வெளியே போகும் இடங்களில் தண்ணீரோடு பழகுபவையாகவும் அமைந்துவிட்டால் வேலை முடிந்தது. வெளியே பாலின் நீரில் கரைந்து மிதக்கும். உள்ளே தண்ணீருக்கு ஒவ்வாத ஓர் எண்ணெய்க் குழி இருக்கும். தண்ணீரில் கரையாத எதையும் சுமக்க இதைவிடத் தோதான பாத்திரம் வேண்டியதில்லை.

இந்த அமைப்புக்குச் சொந்தபந்தம் நிறைய. 1985-இலேயே பெர்வைஸும் புரூவும் அமினோ அமில வரிசைகளை ஒப்பிட்டு, பால் புரதமும் இரத்தத்தில் வைட்டமின் ஏ-வைச் சுமக்கும் புரதமும் ஒரே குடும்பம் என்று காட்டியிருந்தார்கள். குடும்பத்துக்கு 'லிப்போகாலின்' என்று பெயர் வந்தது. கிரேக்கத்தில் கொழுப்பையும் பூவின் புல்லிவட்டத்தையும் குறிக்கும் சொற்களின் சேர்க்கை. ஆண் சுண்டெலியின் சிறுநீரில் வாசனைச் செய்தியைப் பிடித்துவைத்து மெதுவாகக் காற்றில் விடுவது ஒரு லிப்போகாலின். நம் உடலில் பாக்டீரியாக்கள் இரும்பு திருட அனுப்பும் மூலக்கூறுகளை வழிமறித்துப் பிடிப்பது இன்னொன்று. ஐரோப்பாவின் சிங்கி இறால் ஓட்டை நீலமாக்குவதும் இந்தக் குடும்பம்தான்: சிவந்த அஸ்டாக்சாந்தினைப் பிடித்து முறுக்கி வைப்பதால் அது நீலமாகத் தெரிகிறது. கொதிநீரில் போட்டால் பிடி தளர்கிறது, சிவப்பு வெளிவருகிறது. சட்டியில் இறால் சிவக்கும்போது நாம் பார்ப்பது பிடி விட்டுப்போன ஒரு லிப்போகாலினைத்தான்.

பால் புரதத்தின் குழிக்குள் என்ன போகும்? கேட்டால் பட்டியல் நீளும். ரெட்டினால் என்னும் வைட்டமின் ஏ, வைட்டமின் டி, கொழுப்பு அமிலங்கள், வாசனை கொடுக்கும் கீட்டோன்கள், சோப்பு வகைப் பொருள்கள். மிக நன்றாகப் பொருந்துவது பால்மிட்டிக் அமிலம். 16 கார்பன் கொண்ட அதன் வால் குழிக்குள் இறங்கிக்கொள்ளும். அமிலத் தலை வாயருகே நின்றுவிடும். அங்கே 60-ஆம் இடத்திலும் 69-ஆம் இடத்திலும் இருக்கும் லைசின்களின் நேர்மின்சுமை அதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. இரையின் வாலை விழுங்கித் தலையை வெளியே விட்ட பாம்பு என்று வேண்டுமானால் சொல்லலாம், அது தலையிலிருந்து விழுங்கும் என்பதை மறந்துவிட்டால்.

கண்ணுக்குத் தெரியாத குழிக்குள் ஒன்று போனது எப்படித் தெரியும்? குழியின் அடியில், 19-ஆம் இடத்தில், டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டால் அது மங்கலாக ஒளிரும். கரைசலில் ரெட்டினாலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் டிரிப்டோஃபானின் ஒளி குறையும்; அது வாங்கிய ஆற்றலைப் பக்கத்தில் வந்து அமர்ந்த ரெட்டினால் எடுத்துக்கொள்கிறது. ரெட்டினாலின் சொந்த ஒளியோ, தண்ணீரில் இருந்ததைவிடப் பலமாகும். இப்படிப் பலமாவதை 1972-இல் ஃபட்டர்மேனும் ஹெல்லரும் கண்டார்கள். அதன் பிறகு உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் மாணவர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் இந்தப் புரதத்தோடு கலந்து ஒளியை அளந்திருக்கிறார்கள். புரதம் மலிவு, கருவி எல்லா இடத்திலும் இருக்கிறது, கட்டுரை உறுதி. இந்தப் பட்டியல் இவ்வளவு நீண்டதற்கு இயற்கை பாதிக் காரணம் என்றால் மீதிக் காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

கிண்ணத்துக்கு ஒரு மூடியும் உண்டு. இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, மூடி இருப்பது படிகத்தில் தெரிவதற்கு 39 ஆண்டுகள் முன்பே ஒருவர் அதை அமிலக் கணக்கில் கண்டுவிட்டார் என்பது. சார்லஸ் டான்ஃபோர்டும் கூட்டாளிகளும் 1959-இல் செய்தது கல்லூரிச் சோதனைக்கூடத்தில் நாம் செய்யும் டைட்ரேஷன்தான்: காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது, எத்தனை புரோட்டான்கள் பிரிகின்றன என்று எண்ணுவது. புரதங்களிலுள்ள கார்பாக்சில் தொகுதிகள் வழக்கமாக பி.எச். 4, 5 அளவிலேயே புரோட்டானை விட்டுவிடும். இந்தப் புரதத்தில் எண்ணிக்கை இடித்தது. இருக்க வேண்டியவற்றில் ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒன்று அந்த அளவில் கணக்கில் வரவில்லை, பி.எச். 7.5-க்குப் பக்கத்தில்தான் வந்தது. அந்தத் தொகுதி தண்ணீர் படாத இடத்தில் புதைந்திருக்கிறது, பி.எச். உயரும்போது புரதம் உருமாறி அதை வெளியே காட்டுகிறது, திரும்ப அமிலம் சேர்த்தால் மறுபடி புதைந்துகொள்கிறது என்று டான்ஃபோர்ட் சொன்னார். உருவம் என்னவென்றே தெரியாத காலத்தில் சொன்னது இது.

1998-இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் பி.எச். 6.2, 7.1, 8.2 என மூன்று நிலைகளில் படிகங்களை எடுத்துப் பார்த்தார்கள். கிண்ணத்தின் வாயில் 85 முதல் 90 வரையிலான துண்டு ஒரு வளையமாக நிற்கிறது. கீழ் பி.எச்.-இல் அது வாயை மூடிக் கிடந்தது, மேல் பி.எச்.-இல் எழுந்து திறந்திருந்தது. மூடிய நிலையில் அந்த வளையத்துக்குள் புதைந்திருந்தது 89-ஆம் இடத்துக் குளூட்டாமிக் அமிலம். டான்ஃபோர்ட் தேடிய புரோட்டானை அதுதான் பிடித்து வைத்திருந்தது.

இங்கே ஓர் அழகான கதை தானாகவே கட்டிக்கொள்ளும். கன்றின் இரைப்பையில் அமிலம் மிகும், கிண்ணம் மூடிக்கொள்ளும். இந்தப் புரதம் அங்கே பெப்சினுக்கும் எளிதில் மசிவதில்லை. குடலுக்கு வந்ததும் அமிலம் குறையும், மூடி திறக்கும், வைட்டமின் ஏ இறங்கும். எத்தனையோ விரிவுரைகளில் இது ஏறக்குறைய நிரூபிக்கப்பட்டதுபோலவே சொல்லப்படுகிறது. 1986-இல் உருவம் வெளியானபோதே ஆசை தொடங்கிவிட்டது: பார்த்தால் இரத்தத்தில் ரெட்டினால் சுமக்கும் புரதத்தின் அச்சு, பிறந்த கன்றின் குடலில் ரெட்டினால் ஏற்றிய இந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஏற்பிகள் இருப்பதாகவும் அதே கட்டுரை சொன்னது.

பிறகு ஒவ்வொன்றாக இடறியது. பாலிலிருந்து கவனமாகப் பிரித்தெடுத்த புரதத்தின் குழியில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், ரெட்டினால் இல்லை. பால்மிட்டிக், ஒலியிக் போன்ற கொழுப்பு அமிலங்கள் இருந்தன. பாலின் வைட்டமின் ஏ பெரும்பாலும் கொழுப்புத் துளிகளுக்குள் எஸ்டராகக் கிடக்கிறது. அதற்கு இந்தச் சுமைதூக்கி தேவையே இல்லை. பால்மிட்டிக் அமிலத்தைக் குழியில் ஏற்றிவிட்டு அமிலத்தைக் கூட்டினால், பி.எச். 6-க்குக் கீழே போகப் போக அது உள்ளே பத்திரமாகத் தங்காமல் வெளியேறிவிடுகிறது. பன்றியின் பாலில் உள்ள புரதமோ கொழுப்பு அமிலத்தைச் சேர்ப்பதே இல்லை.

ரெட்டினால் உட்காரும் இடமே சண்டையாக இருந்தது. 1987-இல் மொனாக்கோ என்பவரின் குழு, ரெட்டினால் கிண்ணத்துக்குள் இல்லை, வெளிச்சுவரில் சுருளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது என்று படிகத்திலிருந்து சொன்னது. உள்ளேதான் என்பவர்களுக்கும் வெளியேதான் என்பவர்களுக்கும் பதினைந்து ஆண்டுகள் வாக்குவாதம். 2002-இல் வந்த படிகங்களில் ரெட்டினால் சந்தேகமில்லாமல் கிண்ணத்துக்குள் தெரிந்தது. வெளியே என்றவர்கள் தோற்றார்கள் என்று முடித்துவிட வேண்டாம். 2008-இல் தைவான் ஆய்வாளர்கள் வைட்டமின் டி-யை ஏற்றிப் பார்த்தபோது ஒன்று கிண்ணத்துக்குள்ளும் இன்னொன்று வெளியே சுருளருகிலும் இருந்தது. பொருள் வேறு, இடம் அதே பக்கம்.

இதற்கிடையே 1997-இல் 1.8 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் உருவம் மறுபடி வெளியானது; முதல் படத்தில் சங்கிலி சில இடங்களில் தவறாகக் கோக்கப்பட்டிருந்ததையும் திருத்தியது. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே, இது இன்னும் புதிரான லிப்போகாலின்தான் என்று எழுதினார்கள். அணு அணுவாகப் பார்த்து முடித்தவர்களின் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் எனக்கு அதில் தனி மதிப்பு.

மிச்சமிருக்கும் யோசனைகளில் உருப்படியானது ஒன்று: கன்றின் வாயிலிருந்தும் தொண்டையிலிருந்தும் வரும் லைப்பேஸ் பால்கொழுப்பை உடைக்கும்போது விடுபடும் கொழுப்பு அமிலங்களே அந்த நொதியைத் தடுக்கின்றன, இந்தப் புரதம் அவற்றை அள்ளி அப்புறப்படுத்துவதால் வேலை வேகமாக நடக்கிறது. இது துப்புரவு வேலை. இன்னொரு பார்வை, இதற்கு என்று ஒரு வேலையே வேண்டியதில்லை, கன்றுக்குத் தேவையான அமினோ அமிலங்களை நிறையக் கொண்டுபோவதே போதும் என்பது. பெண்களின் கருப்பையில் கிளைக்கோடெலின் என்ற நெருங்கிய உறவுக்காரப் புரதம் சுரக்கிறது. அங்கே அதற்கு இனப்பெருக்கத்தில் தெளிவான பங்கு உண்டு. அந்தக் குடும்பத்து மரபணு ஒன்று இரட்டித்துப் பாலுக்கு வந்து சேர்ந்திருக்கலாம். உருவம் பழையது, பிழைப்பு புதியது.

இந்தப் புரதத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டார்கள். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு முக்கியமான எதிரிகளில் இதுவும் ஒன்று. (லாக்டோஸ் செரியாமை வேறு, அது சர்க்கரை விவகாரம்.) நியூசிலாந்தில் 2012-இல் இதன் உற்பத்தியை அடக்கும் மரபணு மாற்றத்தோடு பிறந்த டெய்சி என்ற கன்றைப் பற்றி அறிவித்தார்கள். வாலில்லாமல் பிறந்தது, அதற்கும் மரபணு மாற்றத்துக்கும் தொடர்பில்லை என்றார்கள். ஹார்மோன் கொடுத்துச் சுரக்க வைத்த பாலில் பீட்டா லாக்டோகுளோபுலின் தென்படவில்லை. பதிலுக்குக் கேசின்கள் கூடியிருந்தன. அது பாலாகத்தான் இருந்தது. ஒவ்வாமை விஷயத்தில் கிண்ணம் காலியா நிறைந்ததா என்பதும் முக்கியம்போல: 2014-இல் வியன்னா ஆய்வாளர்கள் மனிதச் செல்களில் பார்த்தபோது, இரும்புக் கூட்டுப்பொருள் ஏற்றிய புரதம் நோய் எதிர்ப்புச் செல்களை அமைதிப்படுத்தியது, காலிப் புரதம் ஒவ்வாமைப் பக்கம் தள்ளியது.

நம் வீடுகளில் இந்தக் கிண்ணம் பெரும்பாலும் தம்ளர்வரை வந்து சேர்வதே இல்லை. பாக்கெட் பால் பாஸ்ச்சுரைஸ் ஆனபின்னும் பெரும்பகுதி முழுசாகத்தான் இருக்கும், 72 டிகிரியில் 15 விநாடி போதாது. நாம் அடுப்பில் வைத்துப் பொங்கவிடும்போதுதான் உடைகிறது. நான்கு சிஸ்டீன்கள் சோடி சேர்ந்த இரண்டு கந்தகப் பாலங்கள் இந்தச் சங்கிலியைக் கட்டி வைத்திருக்கின்றன. சோடி சேராத ஐந்தாவது சிஸ்டீன் ஒன்று, 121-ஆம் இடத்தில், அந்த ஆல்ஃபா சுருளுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. சூடு ஏறச் சுருள் தளர, ஒளிந்திருந்த கந்தகம் வெளியே வருகிறது. அது பக்கத்து மூலக்கூறின் பாலத்தைப் பிடித்து உடைத்துத் தன்னோடு கட்டிக்கொள்ளும். உடைபட்டது அடுத்ததைப் பிடிக்கும். காய்ச்சிய பாலுக்கு என்று ஒரு வாசனை உண்டே, அதில் இந்தக் கந்தகத்துக்குப் பங்கு உண்டு. அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டும்போது கையில் வருவதிலும் இதற்குப் பங்கு உண்டு. பால் ஆலைகளில் சூடேற்றும் தகடுகளில் படியும் கசடைக் கழுவுவதே அன்றாடச் செலவு.

பிரிந்து கிடக்கும் இந்தச் சங்கிலிகள் கேசின் உருண்டைகளின் மேற்பரப்பில் உள்ள கப்பா கேசினையும் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் தயிருக்கான பாலை ஆலைகளில் 85 டிகிரியில் அரைமணி நேரம்வரை வைத்திருக்கிறார்கள். பாலை நன்றாகக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு உறை ஊற்றுங்கள் என்று வீட்டில் சொல்வதும் அதே காரணத்தால்தான் பலிக்கிறது. பச்சைப் பாலில் உறை ஊற்றினால் தளதளவென்று நெகிழ்ந்து, ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பச்சை ஓடிய நீர் பிரிந்து நிற்கும். காய்ச்சிய பாலில் உறைந்ததைக் கரண்டியால் வெட்டினால் வெட்டிய முகம் அப்படியே நிற்கும். தண்ணீர் விடுவதற்கு வெகுநேரம் ஆகும். கேசினோடு ஒட்டிக் கிடக்கும் உடைந்த கிண்ணங்கள் அதைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன.